கோல்ஃப் மட்டையை உடைத்தவன்

கோபத்தில் என் கோல்ஃப் மட்டையை மரத்தில் அடித்து உடைத்தவன் நான். என் பையைத் தூக்கி வந்த தேவராஜ் உடைத்ததாகச் சொன்னேன். அவருக்கு வேலை போயிற்று.

போன மாதம் எண்ணூர் ரயிலில், நான் ஆடும் கோல்ஃப் கிளப்பில் பை தூக்கும் இருவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்து புது மட்டை ஒன்றைப் பற்றிப் பேசினார்கள்.

“இன்னா மாமு, கொடை கணக்கா லேசா கீது!”

“சுமாரா ஆடுற சாருங்களுக்கோசரம் பண்ணது. மெதுவா வீசுனாலே நேரா பறக்குது. நேத்து ஒரு தொப்பை சாரு அடிச்சாரு, பந்து போன தூரத்த அவரே நம்பல.”

“நமக்கும் தூக்க சொகம். ஒடைஞ்சா?”

“தேவராஜ் அண்ணன் கதிதான். அவரு தெருவுல இன்னும் ‘மட்டை ஒடச்சான்’னுதான் கூப்புடறானுங்கோ.”

இருவரும் சிரித்தார்கள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

மறுநாள் கிளப்பில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். அங்கேயே விலாசம் வாங்கி, கடிதத்தின் நகலோடு திருவொற்றியூரில் தேவராஜ் வீட்டுக்குப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

“எனக்கு இன்னாத்துக்கு சார்? தெருவுல நின்னு சத்தமா படி.”

படித்தேன். அக்கம்பக்கத்தார் வெளியே வந்து கேட்டார்கள். முடித்ததும் தேவராஜ் சொன்னார்: “இன்னொரு தபா படி சார். கடைசி வூட்டுக்காரன் இப்பதான் வந்துகினு கீறான்.”