எதிர்க்கோடிக் கண்ணாடி

ராத்திரி பதினொன்றைத் தாண்டியிருக்கும். தெருவிளக்குகள் முடிந்த பிறகும் நீண்டுகொண்டே போகிற சாலை... என் நண்பனின் அண்ணி அதில் தனியாகக் காரை ஓட்டிப் போனார். சாலைக் கோடியில்தான் அவருடைய ஆய்வுக்கூடம். பகலில் லாரி ஓடினால் மேசை அதிரும், வேலை ஆகாது. அதனால் ராத்திரி.

ஒளியை வைத்துக் கணக்குப் போடும் குவாண்டம் கணினி. இரண்டு நாட்டு ஆட்கள் சேர்ந்து கட்டுகிறார்கள். பாதி இங்கே, பாதி அங்கே. காலையில் இரண்டையும் இணைத்துப் பார்க்க வேண்டும். சொதப்பினால் கூட்டு முறிந்தது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

அறைக்குள் கும்மிருட்டு. பொட்டு வெளிச்சம் பட்டாலும் ஒளித்துகளை எண்ணும் கருவி பாழாகிவிடும். போனையே கறுப்புத் துணியில் சுற்றி மேசையில் வைத்திருந்தார். போனில், கடல் தாண்டி, அவருடைய கூட்டாளி. வயதில் சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். அங்கே பட்டப்பகல். அந்த எண்ணிக்கை அவன் திரையில்தான் தெரியும். அவன் சொல்லச் சொல்ல, இவர் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியின் திருகைத் திருக வேண்டும்.

"நூத்திப்பத்து... அதுலயே நிக்குதுக்கா."

மேசையின் இரண்டு கோடியிலும் கண்ணாடி. இரண்டையும் ஒரே சமயம் திருகினால்தான் எண்ணிக்கை ஏறும். துணைக்கு வர வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அண்ணி தன் பக்கத்தை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்நூறு... ஆங், அப்படித்தான். எதிர்க்கோடியில இருக்கறவருக்குக் கை நல்லா படிஞ்சிருக்குக்கா."

அண்ணியின் விரல் நின்றது.

"இங்க யாருமில்லப்பா."

"விளையாடாதீங்கக்கா. ரெண்டும் நகராம எப்படி ஏறும்?"

அப்போதுதான் காதில் விழுந்தது. க்ரிக்... அந்தக் கோடியில். சின்னதாக, பொறுமையாக. ஈரத்துணி வாடை. க்ரிக்...

அண்ணி கையை எடுத்தார். அதுவும் நின்றது. இவர் மறுபடி தொடுவதற்காகக் காத்திருப்பதுபோல.

பிறகு மேசையோரமாக ஏதோ உரசியது. இந்தப் பக்கம் வந்தது... மெதுவாக.

சுவரைத் தடவித் தடவி வெளியே வந்து விழுந்தார். போனை எடுக்கவில்லை. வீடு வரை எப்படி ஓட்டினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

காலையில் நாலு பேர் இருக்கிற நேரம் பார்த்துத்தான் உள்ளே போனார். கண்ணாடிகள் மயிரிழை பிசகாமல் நின்றன. இணைப்பு முதல் தடவையிலேயே பலித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணி மட்டும் ஒதுங்கிப்போய்க் கூட்டாளியைக் கூப்பிட்டார்.

"ராத்திரி பாதியில விட்டுட்டுப் போயிட்டேன். தப்பா எடுத்துக்காத."

அவன் சிரித்தான். "எங்க போனீங்க? உங்க ஊர்ல விடியற வரைக்கும் என்கூடத்தானே இருந்தீங்க. ரெண்டையும் முடிச்சுட்டுத்தானே போனை வெச்சீங்க?"

அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நான்... ஏதாவது பேசினேனா?"

"இல்லியே. மூச்சுச் சத்தம்தான். கடைசியா, வேலை முடிஞ்சுது, விளக்கப் போட்டுக்குங்கன்னேன். அதுக்கு மட்டும்தான் வாயத் தொறந்தீங்க."

"என்ன சொன்னேன்?"

"'வேணாம், அவ திரும்பி வந்து பாத்தா பயந்துருவா'ன்னீங்க... யாருக்கா அது?"