ஒன்பதாவது கேள்வி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். தம்போயில் ஒரு கிளினிக்கின் முகப்பில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வயதானவர்கள் ஐ.சி. அடையாள அட்டையை என் முன்னால் வைத்துவிட்டு, "நீயே எழுதிரும்மா" என்று மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வார்கள். பெயர், முகவரி, ஒத்துக்கொள்ளாத மருந்து, முன்பு செய்த ஆபரேஷன் எல்லாவற்றையும் நான்தான் எழுதுவேன். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. அதனால், இன்ஸ்பெக்டர் சுப்ஹான், அந்தப் படிவத்தை என் பக்கம் திருப்பி, "இது உங்க எழுத்துதானேம்மா" என்று நீங்கள் மூன்று தடவை கேட்டது எனக்கு எரிச்சலாக இருந்தது. என் எழுத்துதான். ஒன்பதாவது கேள்விக்கு எதிரே 'தியாடா' என்று மலாயில் எழுதியதும் நான்தான்.

கண்ணில் நோயோ, அறுவையோ, லேசர் சிகிச்சையோ உண்டா, கண்ணாடியின் பவர் ஆறுக்கு மேலா என்பது கேள்வி. இல்லை என்று எழுதினேன்.

குதித்தவளே தன் கண்ணைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறாள், ஆகவே ரிசார்ட்டின்மேல் குற்றமில்லை, ஒரு கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடலாம் என்றீர்கள். நான்தான் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன். நீங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்பதால் தமிழில் எழுதுகிறேன். மலாயில் எழுதினால் எனக்குப் படிவத்தில் வரும் சொற்கள்தான் வரும்.

பிரவீனா என் தங்கை. எனக்கும் அவளுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். லாபிஸில் அம்மா இறந்தபோது அவளுக்கு ஏழு, எனக்கு இருபத்திரண்டு. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவளைக் கூட்டிக்கொண்டு ஜொகூர் பாரு வந்தேன். என்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேரும் தங்கையை எங்கே விடுவாய் என்று கேட்டார்கள். இரண்டு பேரையும் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இதை நான் ஒருநாளும் அவளிடம் சொல்லிக்காட்டியதில்லை. அவளாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அவளுக்குப் பதினேழு வயதில் பவர் பதினொன்றைத் தொட்டது. கண் மருத்துவமனையில் மருந்து ஊற்றி அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இரண்டு கண்ணிலும் உள்திரை மெலிந்திருக்கிறது, வலது கண்ணில் ஒரு ஓட்டை, லேசரால் அடைத்துவிடலாம், ஆனால் ஆயுசுக்கும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். "பாரம் தூக்குறது, தலை குலுங்குறது எதுவும் வேணாம். ரோலர் கோஸ்டர் கூடாது, பஞ்ஜி ஜம்ப் கூடவே கூடாது." பஞ்ஜி என்றால் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு மனிதனைத் தலைகீழாக வரைந்து, காலிலிருந்து ஒரு கயிற்றையும் இழுத்துவிட்டார். கீழே இன்னொன்றையும் எழுதினார்: கண்ணில் கரும்புள்ளி பறந்தால் அன்றைக்கே வரவேண்டும். அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாகப் பைக்குள்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் டாக்டர் சொன்னதை நோயாளியிடம் அப்படியே சொல்லும் பழக்கமில்லை. கூடப் போனவர் கேட்டுக்கொண்டு, பாதியை மனதில் வைத்துக்கொண்டு, மீதியைச் சொல்வார். அம்மாவுக்குக் கடைசிவரை வயிற்றுப்புண் என்றுதான் சொன்னோம். பிரவீனாவிடமும் அப்படித்தான். "சின்ன ஓட்டை, அடைச்சுட்டாங்க, இனிமே ஒன்னுமில்ல" என்றேன். வருடா வருடம் கண்ணாடி மாற்றப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போய்ப் பரிசோதித்துக் கொண்டுவந்தேன். அவளைப் பயமில்லாமல் வளர்த்தேன். அதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

பிறகு ரூபேந்திரன் வந்தான். சிங்கப்பூரில் வேலை, நல்ல பையன், குடிப்பதில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாதவன்மேல் கோபப்படுவது கஷ்டமான வேலை, சார். நான் பட்டேன். அவனுக்குப் பெர்த்தில் வேலை கிடைத்தது. பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஏப்ரலில் கிளம்புவதாக முடிவு செய்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்கள். என்னைக் கேட்கவில்லை. மண்டபத்துக்கு விருந்தாளியைக் கூப்பிடுவதுபோலச் சொன்னார்கள். நான் சாம்பாருக்குப் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். நல்லது என்று சொன்னேன்.

மார்ச்சில் அவள்தான் அந்த ஊருக்குப் போகலாம் என்றாள். லாபிஸைத் தாண்டி, மூடிப்போன கல்குவாரிக் குளத்தின்மேல் கோபுரம் கட்டி, கயிற்றில் சறுக்குவது, காற்றில் பறப்பது, தலைகீழாகக் குதிப்பது என்று ஊர் முழுக்க இப்போது அதுதான் பிழைப்பு. "அக்காகூட கடைசியா ஒரு ட்ரிப்" என்று அவள் ரூபேந்திரனிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. கடைசியா என்றாள். ஏழு வயதிலிருந்து தலை வாரிவிட்டவளுக்குக் கடைசியாக ஒரு ட்ரிப். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. நான் கத்துகிறவள் இல்லை, அதனால் யாருக்கும் தெரியாது.

முகப்பில் இருந்த பெண்ணின் சட்டையில் ஷைமா என்று பெயர் குத்தியிருந்தது. படிவத்தை நீட்டினாள். பிரவீனா அதைப் பார்க்கக்கூட இல்லை, வழக்கம்போல என் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, நீயே எழுதிரு. நான் போய் எடை பாத்துட்டு வரேன்."

எட்டுக் கேள்விக்கும் உண்மையைத்தான் எழுதினேன். ஒன்பதாவதில் பேனா நின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்று கிளம்பும் நேரம் இருக்கும். பிறகு எழுதினேன். ஷைமா வாசித்துவிட்டு பிரவீனாவின் கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, கண்ணாடி ரொம்ப தடிப்பா இருக்கே. ஆறு பவருக்கு மேல இருந்தா டாக்டர் லெட்டர் வேணும்."

"மூணுதான்மா. பழைய கண்ணாடி, அப்படித் தெரியும்."

அதற்குள் எடை பார்த்துவிட்டுத் திரும்பிய பிரவீனா என் தோளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, நீ சூப்பர் லா" என்று காதுக்குள் சொன்னாள். தன் ஆசைக்காக அக்கா ஒரு பொய் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். உங்களிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்களோடு வந்திருந்த ரூபேந்திரன் லிஃப்டுக்குப் பக்கத்தில் கேட்டான். அதையும் எழுதிவிடுகிறேன், அவன் அக்கறையில்லாதவன் என்று யாரும் சொல்லக்கூடாது. "அக்கா, இவ கண்ணுக்கு இது ஓகேதானே?"

"வருசா வருசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது நான்தானே தம்பி" என்றேன். அதுவும் பொய்யில்லை.

மேலே போனதும் பிரவீனாவுக்குப் பயம் வந்துவிட்டது. கயிறு கட்டும் மாஹிர் அவசரப்படுத்தவில்லை. வேண்டாம் என்றால் இறங்கிவிடலாம் என்று அவளிடம் சொன்னது ஒலிபெருக்கியில் எங்களுக்கும் கேட்டது. அவள் விளிம்பிலிருந்து கீழே தேடினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தாள், அவ்வளவு தூரத்தில் என் முகம் தெரிந்திருக்காது. என் மஞ்சள் துப்பட்டாதான் தெரிந்திருக்கும். "அக்கா, வேணாமா?" என்று கத்தினாள்.

அவள் எப்போதும் அப்படித்தான். புதுச் செருப்பு வாங்கினாலும் என்னைக் கேட்பாள். பெர்த்துக்குப் போவதை மட்டும்தான் கேட்கவில்லை. நான் துப்பட்டாவைத் தூக்கி ஆட்டினேன். குதி என்று ஆட்டினேன். அவள் குதித்தாள்.

சிரித்துக்கொண்டேதான் கரைக்கு வந்தாள். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. ரூபேந்திரன் அன்றைக்கே சிங்கப்பூருக்குத் திரும்பினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிடும்போது, "அலமாக், அக்கா, கண்ணுக்குள்ள கருப்பு கருப்பா கொசு பறக்குது" என்றாள்.

உங்கள் படிவத்தில் இல்லாதது இதுதான், சார். இதற்காகத்தான் தாள் கேட்டேன். ஒரு கேள்விக்கு அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவசரம் எதுவும் இல்லை. டாக்டர் எழுதிய சீட்டு பைக்குள் இருந்தது, பை என் நாற்காலியில் தொங்கியது. "வெயில்ல சுத்தினது, தூங்கினா சரியாயிரும்" என்று சொல்லிச் சொட்டு மருந்து விட்டேன். திங்கட்கிழமை மின்னல் வெட்டுவதுபோல இருக்கிறது என்றாள். மறுபடி சொட்டு மருந்து. ரூபேந்திரனுக்குப் போன் போடுகிறேன் என்றாள். அந்தப் பிள்ளைக்குப் புது வேலைத் தொல்லை, பயமுறுத்தாதே என்று தடுத்தேன். செவ்வாய்க்கிழமை கருப்புத் திரை பாதிக் கண்ணுக்கு இறங்கிவிட்டது. புதன்கிழமை கூட்டிப் போனேன். இரண்டு ஆபரேஷன் செய்தார்கள். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

அடுத்த எட்டு மாதமும் நாங்கள் நன்றாக இருந்தோம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தேன். மறுபடி தலை வாரிவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு தம்போய் சந்தைக்கு வந்தாள். வெண்டைக்காயைத் தொட்டுப் பார்த்து, "முத்தலாக்கா" என்று கேட்பாள். மாற்றுத்திறனாளி அட்டைக்கு நான்தான் எழுதினேன். பராமரிப்பவர் என்ற கட்டத்தில் என் பெயர், உறவு என்ற கட்டத்தில் அக்கா. கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் விரலைக் கொண்டுபோய் வைத்தேன். அந்த ஒரு படிவத்தை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

டிசம்பரில் ரூபேந்திரன் வந்தான். கல்யாணத்தை நிறுத்திவிடலாம், நீங்களும் எத்தனை நாள் காத்திருப்பீர்கள் என்று நானே எடுத்துக்கொடுத்தேன். அவன் புரியாதவன்போலப் பார்த்தான். "கண்ணுக்காகவா கட்டிக்கிறேன்னு சொன்னேன்? நான் பாத்துக்குவேன்கா" என்றான். நான் அவளைப் பார்த்தேன். அவள் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு, யாருடைய உதவியும் இல்லாமல் தன் பெட்டி இருக்கும் இடத்துக்குப் போனாள்.

போய்விட்டாள், சார். அதற்குப் பிறகும் போய்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். அங்கே கோல் பிடித்து நடக்கச் சொல்லித் தருகிறார்களாம், தனியாகப் பஸ் ஏறினாளாம். அந்தப் படிவத்துக்காகப் போலீஸ் உன்னைக் கூப்பிட்டால் கவலைப்படாதே, நான் கேட்டுக்கொண்டுதான் அக்கா எழுதினாள் என்று சொல்லிவிட்டேன் என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். பெர்த்தில் உட்கார்ந்துகொண்டு.

மாஹிர் வேலையில்லாமல் இருப்பதாகச் சொன்னீர்கள். அவனை விட்டுவிடுங்கள், கயிற்றை அவன் சரியாகத்தான் கட்டினான். ஆனால் நான் அதற்காக இதை எழுதவில்லை.

எழுதியது நான், துப்பட்டா ஆட்டியது நான், சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சொட்டு மருந்து விட்டது நான். அவள் கண்ணை நான்தான் எடுத்தேன், தெரிந்தே எடுத்தேன். இதன் பிறகு நீங்கள் கோப்பை மூட முடியாது. வழக்கு நடக்கும். சாட்சி சொல்ல அவளை வரச்சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லையா? வரும்போது ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். கோர்ட்டின் முன்படிகள் உயரம், கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், பதினான்கு படி. ரூபேந்திரனுக்கு அவளை ஏற்றிவிடத் தெரியாது, அவள் இடது கையைத்தான் பிடிக்க வேண்டும். நான் எந்த லாக்கப்பில் இருந்தாலும் அன்றைக்கு ஒரு ஐந்து நிமிடம் என்னை வெளியே விடுங்கள். அக்கா இல்லாமல் அந்தப் பிள்ளை தடுக்கி விழுந்துவிடும்.