ஒரு காசும் கூட்டி விற்கவில்லை

அன்று காலை பால் திரிந்துபோயிருந்தது. என் மனைவி என்னிடம் கடைசியாகப் பேசியது அதைப் பற்றித்தான். முந்தின நாள் வாங்கிய பாலை, கீழே எங்கள் மருந்துக்கடைப் பிரிட்ஜிலேயே மறந்து வைத்துவிட்டு மாடிக்கு வந்திருந்தாள்.

"பிரிட்ஜ்ல இருந்த பாலே திரிஞ்சிருக்கு பாருங்க. என்னத்தைக் கலந்து ஊத்துறாரோ."

வாசலில் நின்ற பால்காரர், "காலங்காத்தால என் தலைதான் கெடைச்சுதாக்கா?" என்றார்.

அவர் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். கடை திறக்கக் கீழே இறங்கிப் போனேன்.

இன்சுலினுக்கு அரசு விலை நிர்ணயித்தபோது தெருவே சந்தோஷப்பட்டது. மற்ற கடைகள் சரக்கில்லை என்று கையை விரித்துவிட்டு, பின்வாசல் வழியாக இரண்டு மடங்குக்கு விற்றன. நான் அப்படிச் செய்யவில்லை. அரசு விலையைக் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டினேன். ஆனால் அந்த விலையில் நின்ற லாபம் பிரிட்ஜின் மின்கட்டணத்துக்கே போதவில்லை. எங்கேயாவது மிச்சம் பிடிக்க வேண்டுமே. கடை சாத்தும்போது பிரிட்ஜையும் அணைத்துவிட்டுப் போனேன். சூட்டில் கிடந்த இன்சுலின் பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. வேலைதான் செய்யாது.

எதிர்ச்சாரித் தையல்காரர் முதலில் சொன்னார்: "அண்ணே, உங்க ஊசியும் என் மெஷின் ஊசி மாதிரி ஆயிடுச்சு. குத்துது, அவ்வளவுதான்."

சேர்ந்து சிரித்தோம். அவருக்கு ஒரு காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு அவர் கடைக்கு வரவில்லை.

என் மனைவிக்கும் சர்க்கரை உண்டு. அவளுக்கானதைச் சரக்கு வந்தவுடனே தனியாக எடுத்து மாடி வீட்டுப் பிரிட்ஜுக்கு அனுப்பிவிடுவேன். அந்த விஷயத்தில் நான் கவனமாக இருந்தேன். ஆனால் கடைக்காரர் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விற்காமல் கிடப்பதுதான் வீட்டுக்கு. அவளும் புதியதைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு, பழையதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்டுபிடித்துக் கேட்டேன்.

"காசு குடுத்து வாங்குறவங்களுக்குப் புதுசு போகட்டுங்க. நமக்கு எதுவா இருந்தா என்ன?"

மறுபடியும் மாடியில் புதியதை வைத்தேன். அதுவும் கீழே வந்துவிட்டது. ஏன் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் தையல்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் இளைத்துக்கொண்டே போனாள். "வாயைக் கட்டு, சரியாயிடும்" என்றேன். கட்டினாள். பால் திரிந்த அன்று மதியம் அடுப்படியில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் என் கடை மருந்தைப் போட்டுக்கொள்கிறவர்கள். இப்படி ஒரு நேர்மையான மனுஷனுக்கா இந்தக் கதி என்று அழுதார்கள். மறுவாரம் கடையைத் திறந்தேன். சாத்தும்போது வழக்கம்போல அணைத்தேன். மருந்து ஆய்வாளர் என்று நீங்கள் வந்து கேட்கும்வரை யாரும் கேட்கவில்லை.

சரக்கு வந்தால் அவளுக்கானதை எடுத்து மாடியில் வைத்துவிடுகிறேன். கை பழகிவிட்டது. இப்போது வீட்டில் சத்தம் என்றால் மாடியில் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான். அதை நான் ஒருநாளும் அணைத்தது கிடையாது.