செக்ரட்டரியின் மணல் தட்டு

— டாக்டரம்மா, அவர்கிட்ட சொல்லுங்க, இப்படிக் கூண்டு மேலேயே சாஞ்சுக்கிட்டு நின்னா பூனைக்குக் காத்து வராதுன்னு.

— டாக்டர், அவங்களுக்குத் தெரிவிச்சுடுங்க. இது கம்பிக் கூண்டு. கம்பிக்கு நடுவுல காற்று தாராளமா வரும். குடிநீர் வாரியத்துல சீஃப் இன்ஜினியரா இருந்தவனுக்கு எது எது வழியாப் போகும்னு பாடம் எடுக்க வேண்டாம்.

— சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மேடம், நீங்களும்தான். பூனை நல்லா தேறிட்டான். கண்ணு தெளிஞ்சிருக்கு. காலையில மீன் தின்னான். தின்னு முடிச்சுட்டு எங்க கம்பௌண்டர் கையைக் கடிச்சான்.

— கடிச்சானா? என் ராஜா! சும்மா பல்லு படுற மாதிரியா?

— ரத்தம் வர்ற மாதிரி.

— அப்ப உடம்பு சரியாயிடுச்சு! டாக்டரம்மா, அவர்கிட்ட சொல்லுங்க, செக்ரட்டரி கடிச்சிட்டான்னு.

— சார் உங்க பக்கத்துலதான் நிக்கறார் மேடம். அவருக்குக் காது கேக்கும்.

— கேக்கும். ஆனா நான் அவர்கிட்ட நேரா பேசறதில்லை.

— இந்த இடத்துல ஒரு விளக்கத்தைப் பதிவு பண்ண விரும்பறேன், டாக்டர். பேசறதை முதல்ல நிறுத்தினவன் நான். அவங்க என்னைப் பாத்துக் காப்பியடிச்சாங்க.

— இது எப்பலேருந்து?

— நான் ரிட்டயர் ஆன விழாவிலேருந்து. ஏற்புரை நிகழ்த்திக்கிட்டிருந்தேன். மழை நீர்ல ஆரம்பிச்சு, நிலத்தடி நீரை முடிச்சு, அப்பதான் ஆத்து நீருக்கு வர்றேன், மைக் செத்துப்போச்சு. திரும்பிப் பாத்தா, பிளக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. யாரு? கட்டின மனைவி!

— டாக்டரம்மா, அப்ப ஹால்ல மிச்சம் இருந்ததே நாலு பேர். அதுல ஒருத்தர் நாற்காலி மடக்க வந்தவர். இன்னொருத்தர் தூங்கிட்டார், அவரை எழுப்பிக் கூட்டிட்டுப் போக மூணாவது ஆள் காத்துக்கிட்டிருந்தார்.

— அந்த உரைக்கு முடிவுரைன்னு ஒண்ணு இருந்தது, டாக்டர். அது நாட்டுக்கே கிடைக்காமப் போயிடுச்சு.

— நாடு பொழச்சுது.

— சரிங்க, சரிங்க. அப்ப வீட்டுல எப்படித்தான் காரியம் நடக்குது?

— அதுக்குத்தானே இவன் இருக்கான்! ‘செக்ரட்டரி, சாப்பாடு ஆறுதுன்னு அவர்கிட்ட போய்ச் சொல்லு’ம்பேன். வாலைத் தூக்கிக்கிட்டு அவர் ரூமுக்குப் போவான்.

— ‘செக்ரட்டரி, உப்பு குறைவு, குறிச்சுக்கோ’ம்பேன் நான். மிகச் சிறந்த நிர்வாகி, டாக்டர். எங்க ஆபீஸ்ல எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். இவன் மாதிரி ஒரு வார்த்தையைக்கூடத் திரிக்காம இருந்தவன் கிடையாது.

— சரிங்க. இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. ஆண் பூனைக்கு ஒண்ணுக்குப் போற வழி அடைச்சுக்கிட்டா ரெண்டு மூணு நாள்ல உயிரே போயிடும். நீங்க தூக்கிட்டு வந்தப்ப இவன் வயிறு கல்லு மாதிரி இருந்தது. இவன் ஒண்ணுக்குப் போற மணல் தட்டு காஞ்சு கிடந்ததை வீட்டுல யாருமே பாக்கலியா?

— பாத்தேனே! காஞ்சு, பளிச்சுன்னு இருந்தது. அட, மனுஷன் திருந்தி மணலை மாத்தியிருக்காரேன்னு நெனச்சேன்.

— நானும் ஆய்வு செஞ்சேன், டாக்டர். அவங்க மாத்திட்டாங்கன்னு முடிவுக்கு வந்தேன். மனசுக்குள்ள பாராட்டவும் செஞ்சேன்.

— மனசுக்குள்ள! வெளியில ஒரு வார்த்தை வந்துதான்னு கேளுங்க டாக்டரம்மா.

— வந்தது. செக்ரட்டரிகிட்ட சொன்னேன். ‘பரவாயில்லையே, உங்க அம்மாவுக்குப் பொறுப்பு வந்திருக்கே’ன்னு. அப்ப அவன் என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பாத்தான்.

— வலியில பாத்திருப்பான் சார்.

— ஆமா. இப்ப தெரியுது. ஊருக்கெல்லாம் அடைப்பு எடுத்தவன் நான், டாக்டர். என் காலடியில கிடந்து துடிச்சிருக்கான், நான் அவன்கிட்ட நிர்வாகம் பேசிக்கிட்டிருந்திருக்கேன்.

— டாக்டரம்மா, அவர்கிட்ட சொல்லுங்க. அவர் மட்டும் இல்லை, நானுந்தான்.

— சொல்ல மாட்டேன்.

— ஏங்க?

— நான் உங்க பூனை இல்லை மேடம். இங்க பாருங்க, இது திரும்பி வரக்கூடிய நோய். தினம் காலையில ஒரு மாத்திரை. ஒருத்தர் கொடுக்கணும், ஒருத்தர்தான் கொடுக்கணும். ரெண்டு பேரும் கொடுத்துட்டா ஆபத்து. ரெண்டு பேரும் அடுத்தவர் கொடுத்துட்டார்னு இருந்துட்டா மறுபடி இதே கூண்டு, அப்ப பிழைப்பான்னு நான் சொல்ல மாட்டேன். மணல் நனைஞ்சுதா இல்லையான்னு பாத்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும். இதைப் பூனைகிட்ட சொல்லி அனுப்ப முடியாது. நோயே அதுக்குத்தான்.

— மிகச் சரியான வாதம். இதுக்கு ஒரு சிறு குழு அமைச்சு...

— சார்.

— சரி, சரி. மாத்திரை யார் பொறுப்புன்னு அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க.

— நீங்களே கேளுங்க.

— கொள்கைன்னு ஒண்ணு இருக்கு, டாக்டர்.

— மேடம், நீங்க?

— என்ன பெரிய கொள்கை! நிறுத்தினவர்தானே ஆரம்பிக்கணும்?

— அப்ப செக்ரட்டரி இங்கேயே இருக்கட்டும். நல்லாப் பேசிக்கற வீடாப் பாத்துக் கொடுத்துடறேன். எங்க கம்பௌண்டர் ஏற்கெனவே கேட்டுட்டார்.

— யாரு, கடி வாங்கினவரா?

— அவரேதான். ரோஷமான பூனைன்னு பிடிச்சுப்போச்சாம்.

— டாக்டரம்மா, உங்க கம்பௌண்டர் கையில இருக்கறது ஒரு கடிதான். இன்னொரு கையையும் நானே கடிச்சிடுவேன், சொல்லிட்டேன்!

— அந்த ஒரு விஷயத்துல எனக்கும் அவங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை, டாக்டர்.

— பாக்கலாம். ஒண்ணுக்குப் போறதுக்காக மாட்டியிருந்த குழாயை எடுத்தாச்சு. தட்டைக் கூண்டுக்குள்ள வெச்சுத் துணியைப் போடறேன். ஆள் பாத்துக்கிட்டிருந்தா போக மாட்டான். ரெண்டு பேரும் அந்த பெஞ்சுல உக்காருங்க. இருக்கறதே ஒரு பெஞ்சுதான்.

— செக்ரட்டரி, கண்ணா, அம்மா இங்கதான் இருக்கேன். போடா செல்லம். உங்கப்பா நடுவுல ஒரு ஆளுக்கு இடம் விட்டு உக்காந்திருக்கார். யாரு வரப்போறாங்களாம்? கேட்டுச் சொல்லு.

— செக்ரட்டரி, அது உன் இடம்னு சொல்லு.

— செக்ரட்டரி, என் கண்ணுல தூசு விழுந்துடுச்சுன்னு சொல்லு.

— செக்ரட்டரி, கைக்குட்டை சுத்தமா இருக்கு, தாராளமா எடுத்துக்கலாம்னு சொல்லு. அப்புறம் பயப்பட வேண்டாம்னும் சொல்லு. என் அனுபவத்துல, அழுத்தம் இருந்தா எந்த லைன்லயும் தண்ணி வந்தே தீரும்.

— இன்னும் போகலை போலிருக்கே. எங்க செக்ரட்டரி போனான்னா வாசல் வரைக்கும் மூக்கைத் துளைக்குமே!

— ரெண்டு பேரும் எழுந்திரிக்காதீங்க. தட்டை எடுத்துட்டுப் போய் அங்க வாஷ்பேசின்கிட்ட வெளிச்சத்துல பாக்கறேன். இருங்க, அப்படியே கையையும் கழுவிக்கறேன். ம். இப்ப வந்து பாருங்க.

— ஏங்க! நனைஞ்சிருக்குங்க! இங்க பாருங்க, ஒரு பக்கம் பூரா!

— பாத்தேன்டி, பாத்தேன்! அடேயப்பா, எவ்வளவு! ஏய், அழாத. இப்ப எதுக்கு அழறே?

— நீங்க மொதல்ல மூக்கைத் துடைங்க.

— நான் எங்க அழறேன்? இது வந்து...

— நிலத்தடி நீராக்கும்.

— சிரிக்காதடி. டாக்டர் பாக்கறாங்க.

— பாக்கட்டும். கேளுங்க, காலையில என் தையல் கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மாத்திரையை நான் கொடுத்துடுவேன். நீங்க கை வைக்கக் கூடாது. மணல் உங்க வேலை. தினம் பாத்துட்டு நேரா என்கிட்ட வந்து சொல்லணும்.

— சொல்றேன்.

— சுருக்கமா. ‘இருக்கு’ன்னா இருக்கு, ‘இல்லை’ன்னா இல்லை. முன்னுரை கிடையாது.

— முடிவுரை?

— போனாப் போகுது, ஒண்ணு வெச்சுக்கோங்க. பிளக்கைத் தொட மாட்டேன்.

— டாக்டர், இந்த நல்ல நேரத்துல ரெண்டே வார்த்தை பேச அனுமதிக்கணும். தண்ணியோடயே வாழ்ந்தவன் நான். ஒரு டம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தே, இது ஏரித் தண்ணியா, கிணத்துத் தண்ணியான்னு சொல்லியிருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன், இந்த மணல்ல நான் பாக்கறது சாதாரண ஈரம் இல்லை. ஓர் உயிரோட வெற்றி! உங்க மருந்தோட வெற்றி! பாருங்க, துளி நாத்தம்கூட இல்லையே! என்ன ஒரு சுத்திகரிப்பு!

— ஏங்க, போதும். புள்ளையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போற வழியைப் பாருங்க.

— கிளம்பலாம்டி. டாக்டர், ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?

— இவன் நேத்து காலையிலேருந்தே நல்லாத்தான் போறான் சார், நேத்தே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன். இன்னைக்கு இந்தத் தட்டை உங்ககிட்ட காட்டும்போது எனக்கு ஒரே ஒரு பயம்தான், குடிநீர் வாரியத்துல இருந்தவராச்சே, குழாய்த் தண்ணியைப் பாத்ததும் கண்டுபிடிச்சிடுவீங்களேன்னு.