இரண்டு புள்ளி இறுக்கம்

எங்கள் பயிற்சி அறையில் ஏசி நன்றாக இருக்கும். இயந்திரம் சூடாகக் கூடாது என்று போட்டது; அதன் புண்ணியத்தில் நானும் பதினோரு வருடம் குளிர்ச்சியாக இருந்துவிட்டேன்.

குடலுக்குள் கேமராக் குழாய் விடப்போகும் மருத்துவர்கள் முதலில் என் சிமுலேட்டரில்தான் பழகுவார்கள். இடுப்பு மட்டும் உள்ள ரப்பர் உடம்பு, பக்கத்தில் திரை. அளவுக்கு மீறி அழுத்தினால், "வலிக்குது டாக்டர்" என்று முனகும். அந்தக் குரல் நான் பதிவுசெய்து கொடுத்தது. வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை; இங்கே தினமும் நாலு பேர் கேட்டார்கள்.

தேறியதும் மருத்துவர்கள் மாடிக்குப் போய்விடுவார்கள். பிறகு லிஃப்டில் பார்த்தால் என் தலைக்கு மேலே ஓடும் மாடி எண்ணைத்தான் பார்ப்பார்கள். என் அப்பா துணிக்கடைக்காரர். கேட்ட துணியை முதலில் எடுத்துப் போட மாட்டார். "கெடச்சுட்டா எந்திரிச்சுப் போயிருவாங்கடா" என்பார்.

இந்த டாக்டரம்மா வேறு மாதிரி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தங்கையோடு போட்ட சண்டை வரைக்கும் என்னிடம் சொல்வார். என் தலைவலிக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். கையும் அருமையான கை. எட்டாவது முறையே தேறியிருப்பார்.

அதனால் ரப்பர் குடலின் இறுக்கத்தை இரண்டு புள்ளி கூட்டிவைத்தேன். குழாய் நகராது, நேரம் முடிந்துவிடும், மறுநாளும் வரவேண்டும்.

"என்னண்ணே, உங்க ரப்பர் ஆளுக்கு இன்னைக்கும் என் மேல கோவமா?"

"கொஞ்சம் கிராக்கி பண்ணிப் பாக்குறாரு டாக்டர். நாளைக்கு எறங்கி வருவாரு."

அவர் இன்னும் பலமாகத் தள்ளப் பழகினார். முனகல் ஓயவில்லை. அவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் குரலையும் நிறுத்திவைத்தேன்.

"இன்னைக்கு சத்தமே இல்லையேண்ணே!"

"கை பழகிருச்சுல்ல டாக்டர்" என்றேன்.

நாற்பத்தோராம் முறை, அந்த இறுக்கத்தையும் மீறி ஜெயித்துவிட்டார். தேறினார் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

மாடியில் அவருடைய முதல் நோயாளி ஒரு பேருந்து ஓட்டுநர். மூத்த மருத்துவர் பக்கத்திலேதான் நின்றார். ஆனால் கையின் அழுத்தம் திரையில் தெரியாது. மயக்கத்தில் இருந்தவர் முனகவும் இல்லை. குடல் கிழிந்து மூன்றாம் நாள் இறந்துபோனார். இரண்டு பெண் பிள்ளைகளாம்.

விசாரணை அறிக்கையில் டாக்டரம்மாவின் கவனக்குறைவு என்று எழுதி, உரிமத்தைப் பறித்து அனுப்பிவிடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் கூப்பிடாமலே வந்தேன். அவர் மேல் தப்பில்லை. அந்த அழுத்தத்தை அவர் கைக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த ஓட்டுநரைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவரை மட்டும் எங்கும் அனுப்பிவிடாதீர்கள். கெட்டுப்போன கை திருந்த இன்னொரு நாற்பது முறை போதும். நாளைக் காலையிலிருந்தே என்னிடம் வரச்சொல்லுங்கள், பக்கத்திலிருந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.