சாம்பல் கவுன் சிவந்த கதை

...இல்ல ரூனே, நீங்களே சொல்லுங்க, செவப்புல ஒரு கவுன் போட்டா அது கொலைக்குத்தமா? அந்த மூணாவது மேசையைப் பாருங்க. நேரா பாக்காதீங்க, உருளைக்கெழங்கு எடுக்குற மாதிரி பாருங்க. பாத்தீங்களா, நாலு தலையும் சடார்னு திரும்பிருச்சு. சர்ச்சுல ஆரம்பிச்சது, இன்னும் ஓயல.

உங்க பாடும் பாவம்தான். பேர்ச்சீட்டுல சோல்வெய்ங்கற என் பேருக்குப் பக்கத்துல ரூனேன்னு எழுதி வச்சுட்டாங்க. விருந்து முடியிற வரைக்கும் பக்கத்து நாற்காலிப் பொம்பளைக்கு நீங்கதான் பேச்சுத்தொணை. அது நம்ம நாட்டு முறை, நான் ஒண்ணும் பண்ண முடியாது. மீன் எடுத்துக்குங்க.

முறைன்னதும் எனக்கு எரியுது. கல்யாணத்துக்கு வெள்ளை போடக்கூடாது, அது பொண்ணோடது. சரி. கறுப்பு கூடாது, அது சாவு வீட்டுக்கு. அதுவும் சரி. செவப்பு கூடாதாம், போட்டா அந்தப் பொம்பளைக்கும் மாப்பிள்ளைக்கும் முன்னாடியே... என்னத்தைச் சொல்ல, ஒரே கட்டில்ல பழக்கம்னு அர்த்தமாம். எவ உக்காந்து முடிவு பண்ணினாளோ. எனக்கு அம்பத்தொம்பது வயசு, ரூனே. மாப்பிள்ளை ஹாம்புஸுக்கு இருபத்தெட்டு. இன்னைக்கு வரைக்கும் அவனை நான் பாத்ததே ரெண்டு தடவை. ஒரு தடவை எங்க வீட்டு ஃபிரிட்ஜை நகத்த வந்தான். நகத்தினதுல அது நின்னுபோச்சு, அதுக்காக மறுபடி வந்தான். அவ்வளவுதான்.

அதைத்தான் இங்கெர்கிட்டயும் சொன்னேன். இங்கெர் என் தங்கச்சி மய்கெனோட நாத்தனா. அதோ, தலையில எறகு வச்சிருக்காளே, அவதான். சர்ச்சு வாசல்ல என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, மாப்பிள்ளையை முன்னாடியே பழக்கமோன்னு இழுத்தா. எனக்கு எரிச்சல். ரெண்டு தடவை வீட்டுக்கு வந்திருக்கான், நல்ல பலமான ஆளுன்னு சொல்லிட்டேன். உள்ளதைத்தானே சொன்னேன்... சூப்பு வர்றதுக்குள்ள அது கூடம் முழுக்க ஒரு சுத்துச் சுத்திருச்சு.

இத்தனைக்கும் இது புதுசுகூட இல்ல. தொட்டுப் பாருங்க... வேணாம், தொடாதீங்க. பன்னெண்டு வருசமாச்சு. டில்டாவுக்குச் சர்ச்சுல திடப்படுத்தல் சடங்கு நடந்துச்சுல்ல, அதுக்கு வாங்கினது. இந்தக் கல்யாணப்பொண்ணுக்கு அப்ப பதினஞ்சு வயசு. நல்ல லினன், சாம்பல் நிறம். முதல்ல லேஸ் காலர் வச்சுப் போட்டேன். அடுத்த வருசம் காலரைப் பிச்சுட்டு என் வீட்டுக்காரரோட டையை இடுப்புல கட்டினேன். அப்புறம் கையை வெட்டினேன். வெட்டின கையில ஒரு சுருக்குப்பை தச்சேன். ஒரு சாவுக்குக் கறுப்பு வலை மேல போத்திப் போனேன், மறுவாரம் வலையை எடுத்துட்டுப் பொறந்தநாளுக்குப் போனேன். ஒரு கோடைக்கு இடுப்போட ரெண்டா வெட்டிப் பாவாடை ஆக்கினேன், குளிர் வந்ததும் திரும்ப ஒட்டிட்டேன். அந்த ஒட்டு தெரியாம இருக்கத்தான் இந்தப் பட்டை. அஞ்சு வருசமா ஒரு துணி வாங்கல நான். இதை எல்லார் வீட்டு மேசையிலயும் உக்காந்து சொல்லிக்கிட்டே இருந்தேன், அதுதான் வினை.

மய்கென் வீட்டுல இதுக்குப் பேரே வச்சுட்டாங்க, தெரியுமா? சாம்பலம்மா. நான் படியேறினா "சாம்பலம்மா வந்தாச்சு"ம்பாங்க. என்னைச் சொல்லல, கவுனை. போன வாரம் மய்கென் போன் பண்ணி, அக்கா, என் பொண்ணு கல்யாணத்துல மட்டும் சாம்பலம்மா என் கண்ணுல படக்கூடாதுன்னுட்டா.

அதுக்காகப் புதுசு வாங்குவேனா? வீட்டுல பாதி டப்பா நீலச்சாயம் கெடந்துச்சு. கருநீலமாக்கிட்டா அவளுக்கே அடையாளம் தெரியாதுன்னு நேத்து மெஷின்ல போட்டேன். கதவைத் தொறந்தா, ஆடு அறுத்த மாதிரி இருக்கு. கடைக்காரனைத் திட்டினேன். மெஷினைத் திட்டினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு... திரைச்சீலைக்கு வாங்கின செவப்புச்சாயம் மீந்துபோய், அந்த டப்பா நனைஞ்சுபோச்சுன்னு, நானே காலி நீல டப்பாவுல கொட்டி வச்சிருந்தேன். நல்ல டப்பா. தூக்கிப்போட மனசு வரல.

வேற கவுன் இல்லையான்னு கேக்க வர்றீங்க. இல்ல. அஞ்சு வருசமா வாங்கலன்னு சொன்னேன்ல.

ஊரு பேசட்டும், ரூனே, அது எனக்குப் பெரிசில்ல. டில்டாதான். என் வீட்டுல கெடந்து வளந்த புள்ள அது. சர்ச்சை விட்டு வெளிய வந்ததும் என்னைத்தான் முதல்ல தேடி வந்தா, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? பின்னால போனேன். ரெண்டடி. அப்புறம் கையை நீட்டி... கை குலுக்கினேன். நிலப்பத்திரம் எழுதி முடிச்சவங்க மாதிரி. அது மொகம் அப்படியே விழுந்துபோச்சு. அதுலருந்து இந்தப் பக்கமே திரும்பல.

கோவம் ஒண்ணும் இல்ல, ரூனே. உப்பு. சாயம் நிக்கணும்னா உப்பைக் கொட்டி ஊற வைக்கணும். அரைக் கரண்டியோட நிறுத்திக்கிட்டேன், மிச்சம் பிடிக்கலாம்னு. இப்ப ஈரம் பட்டா விடுது. வேர்த்தா விடுது. என் கக்கத்தைப் பாருங்க... வேணாம், பாக்காதீங்க. அந்தப் புள்ள வெள்ளை வெளேர்னு கல்யாணக் கவுன்ல வந்து நிக்குது. கட்டிக்க முடியுமா? வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம். பக்கத்துல மய்கென். சாம்பலம்மாதான் இதுன்னு அவ முன்னாடி எப்படிச் சொல்ல?

இருங்க இருங்க... டில்டா எந்திரிச்சு வெளிய போறா. போச்சு. பொண்ணு வெளிய போனா பொம்பளைங்க எல்லாம் வரிசை கட்டி மாப்பிள்ளை கன்னத்துல முத்தம் குடுக்கணுமே. பாருங்க, இங்கெர்தான் முதல் ஆளு, எறகு அவன் கண்ணைக் குத்துது. நான் எந்திரிக்க மாட்டேன். எந்திரிக்கவும் முடியாது. நாற்காலிக்கு வெள்ளை உறை போட்டிருக்காங்க, கவனிச்சீங்களா? நான் உக்காந்த எடத்தை நெனச்சுப் பாருங்க. மொத்தக் கூடத்துல நான் ஒருத்திதான் உக்காந்திருக்கேன். போனா ஒரு பேச்சு, போகலன்னா ஒரு பேச்சு.

அதுக்குள்ள வந்துட்டா. ரூனே, இங்கதான் வர்றா. என் மொகத்துல என்ன தெரியுது?

என்ன கண்ணு? ...கோவமா? உன்மேலயா? இல்லடா. ஹாம்புஸ் வீட்டுக்கு வந்ததா? ஃபிரிட்ஜுதாண்டா, சத்தியமா ஃபிரிட்ஜு மட்டும்தான். அது இல்ல கண்ணு... சாயம். சாயம் போகுது. இது சாம்பலம்மாடா. கிட்ட வராதே. சிரிக்காத, எல்லாரும் பாக்குறாங்க. ...சரி, சிரி. ஆனா வராத, வராதன்னா...

ரூனே, கோட்டைக் கழட்டுங்க. மாப்பிள்ளை கழட்டுறதுக்கு முந்தி ஆம்பளைங்க கழட்டக்கூடாதுன்னு எனக்குந் தெரியும். குடுங்க. இப்படி இல்ல, முன்னும் பின்னுமா மாட்டணும், மாரு மறையணும்ல. பட்டன் முதுகுல போடுங்க. மேல ஒண்ணு... ம்.

இப்ப வாடா. வா.

...

ரூனே. அவ தோளுக்கு மேல பேசுறேன், கேக்குதா? நல்ல துணி இது. முதுகுல பட்டன் வரிசை எனக்கு எடுப்பாத்தான் இருக்கு போலயே. கையை மட்டும் கொஞ்சம் சுருக்கினா... ஏன் ரூனே, இந்தக் கோட்டை நீங்க அடிக்கடி போடுறதுண்டா?