தாட்சாயினி தொட்ட பந்துகள்

“ஹலோ… மடுத்தீனோ? ஓம், வரதராசாதான்… ஓம், ஓம், சுகம். சுகத்துக்கென்ன குறை? ரூ காய் தெருவிலை மரக்கறி வாங்கப் போன இடத்திலை, தம்பியின்ரை மகளுக்குக் கையிலை ஒண்டும் நிக்காதாமே எண்டு நாலு பேர் துக்கம் விசாரிக்கினம்…”

வரதராசா பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு ரூ பெர்தொனே தெரு மூலையில் நிமிர்ந்து நின்றார். புறநகர் பொண்டியில் இருக்கும் தம்பியின் மகள் தாட்சாயினி பேஸ்போல் ஆடுகிறாள். ஆடுகளத்தில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நின்று பந்தைத் தடுப்பவள். பிராந்திய அணிக்கு அந்த இடத்துக்கு அவளையோ லவன் என்ற பையனையோ இன்று பின்னேரம் பயிற்சியாளர் தெரிவு செய்கிறார். கழகத்தின் ஆட்டக் கணக்கை எழுதுகிறவர் மடுத்தீன். அந்தக் கணக்கில் ஆகக் கூடப் பிழை விட்டவள் அவள்தான்.

“எத்தினை பிழை எழுதினீர்?… பதினொண்டு. லவனுக்கு?… ஒண்டு. ஓம், ஓம், தொட்ட பந்திலை நூற்றுக்கு எத்தினை சரி எண்டு பாத்தால் லவன்தான் மேலை. இஞ்சை எனக்குப் பக்கத்திலை ஒரு லைற் கம்பம் நிக்குது, மடுத்தீன். இத்தினை வருசத்திலை ஒரு பந்தையும் தவற விடேல்லை. அதின்ரை பேரையும் குடுத்துவிடும்…

சிரிக்காதையும். காலடிக்கு வாறதைப் பிடிக்கிறான் பெடியன். ரெண்டடி தள்ளிப் போனால், சவ ஊர்வலத்துக்கு வழி விடுறமாதிரி மரியாதையாய் நிக்கிறான். பந்துக்குக் கிட்டப் போகாதவனுக்குப் பிழை எங்கையிருந்து வரும்? ஒரு மட்சுக்கு அவனாலை எத்தினை பேர் ஆட்டமிழந்தவை, அவளாலை எத்தினை பேர்? பாத்துச் சொல்லும், நிக்கிறன்…

ரெண்டு. அவளாலை?… அஞ்சு. நான் சொல்லேல்லை, நீர் சொன்னது.

இனி அந்தப் பதினொண்டுக்கு வாரும். முதலாவதை ஏன் பிழையெண்டு போட்டனீர்?… பாய்ஞ்சவள். கையுறையிலை பட்டது. விழுந்தது… பட்டால் பிடிச்சிருக்க வேணுமோ? ஆர் சொன்னது?… ஓ. ஊரிலை கிரிக்கெட்டுக்குக் கணக்கெழுதின பழக்கம். கை பட்டால் கைவிட்ட கேட்ச். அருமை. இது பேஸ்போல் ஐயா. சாதாரணமாய் ஒரு ஆள் பிடிக்கக்கூடிய பந்தை விட்டால்தான் பிழை. விழுந்து புரண்டு தொட்ட பந்து, அடிச்சவன்ரை கெட்டித்தனம்… விதியிலை கிடக்கு. வாசிச்சனான்… ஓம், பிரெஞ்சிலைதான்.

என்ன… பதினொண்டையும் அழிக்கிறீரோ? வேண்டாம். எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் இரக்கப்பட வேண்டாம். மழை தூறின நாள் ரெண்டு காலுக்கும் நடுவாலை உருண்டு போனது, அது பிழை, கிடக்கட்டும். அவசரப்பட்டு எறிஞ்சு, முதலாம் தளத்திலை நிண்ட பெடியன்ரை தலைக்கு மேலாலை போனதும் பிழை. மற்ற ஒன்பதையும் எடும்… ஓம், இப்ப நூற்றுக்கு எத்தினை வருகுது?… அவளோ மேலை. ம்.

எனக்கெப்பிடித் தெரியுமோ? தம்பி சொன்னவன்… ஓம், அவன் வாறேல்லைதான், வேலை… ஆர், நானோ? பொம்பிளைப்பிள்ளை சேத்திலை உருளுறதைப் பாக்க நான் வருவனோ?… எந்தச் சாம்பல் தொப்பி?… வேலிக்கு அங்காலை ஆரும் நிப்பினம். பஸ்சுக்கு நிண்டிருப்பினம்.”

வரதராசாவின் கை தன்னையறியாமல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தது.

“என்னவாம்?… கணக்கை மாத்திறதெண்டால், மட்ச் பாத்த இன்னொருத்தரும் சொல்ல வேணுமாமோ. பயிற்சியாளர் பக்கத்திலை நிக்கிறாரோ?… வேறை ஆரும் பாக்கேல்லையோ? பெற்றார் ஒருத்தரும்…”

லா ஷப்பேல் பாலத்தின் மேல் ஒரு மெத்ரோ ரயில் கடந்து போனது.

“இருக்கிறன், இருக்கிறன். குடும் போனை அவரிட்டை.”

தொண்டையைச் செருமிக்கொண்டு, வரதராசா பிரெஞ்சுக்கு மாறினார்.

“வணக்கம், மிசியே. நான் தாட்சாயினியின் பெரியப்பா… ஆம். எல்லா ஆட்டமும் பார்த்தேன்… வேலிக்கு வெளியே நின்று… ஆம், அந்த ஒன்பதும் பாய்ந்து தொட்டவை. ஒவ்வொன்றாகச் சொல்லவா?… தேவையில்லையா. அப்படியானால்… அவளைத்தானா? நன்றி, மிசியே. ஒரே ஒரு விசயம். நான் வந்து பார்த்ததை அவளுக்குச் சொல்ல வேண்டாம்.”

மறுமொழிக்குக் காத்திராமல் அவர் போனை வைத்தார்.